35 மணி நேரக் கணக்கு

அம்மாவிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. பால் கணக்கு எழுத வாங்கியது. அதில் 2016ஆம் வருடம் ஆடி மாதத்தில் ஒரு பக்கம் மட்டும் வேறு கணக்கு. திங்கள் 9 மணி, செவ்வாய் பத்தரை, புதன் 11 என்று போய், அடியில் கோடு போட்டு 71 என்று கூட்டியிருக்கிறாள். அம்மாவும் என் தம்பியும் அந்த வாரம் நேருக்கு நேர் ஒரே இடத்தில் இருந்த நேரம் அது. தூங்கிய நேரம் சேர்த்தி இல்லை.

எழுதச் சொன்னவர், ஆஸ்பத்திரியில் நாங்கள் 'கவுன்சிலிங் மேடம்' என்று கூப்பிட்ட மனநல சமூகப் பணியாளர். கணக்கைப் பார்த்துவிட்டுப் பாராட்டுவார் என்று அம்மா நினைத்திருந்தாள். "இதைப் பாதியாக்கணும்மா" என்றார். அன்று இரவு அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "பெத்த பிள்ளைகிட்ட உக்காந்திருக்கறதுக்கும் ரேஷனா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கும் அப்போது பதில் தெரியாது.

தம்பிக்கு இது தொடங்கியது 2014இல். அவனுக்கு 22 வயது. டிப்ளமோ முடித்துவிட்டுத் துவாக்குடியில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தான். சூப்பர்வைசர் தன்னைப் பற்றியே பேசுகிறார் என்றான். எந்த வேலையிடத்தில்தான் இது இல்லை என்று விட்டுவிட்டோம். பிறகு அந்தக் குரல் வீட்டுக்கும் வந்தது. உறையூரில் எங்கள் தெரு விளக்குக் கம்பத்தில் கேமரா இருக்கிறது என்று ஜன்னலைச் சாத்தினான். பிஸ்கட் பாக்கெட்டின் வெள்ளித் தாளை எடுத்து செல்போனைச் சுற்றி வைத்தான். காதல் தோல்வி என்றார் மாமா. செய்வினை என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. கஞ்சா என்று சந்தேகப்பட்டு அவன் சட்டைப் பையை மோந்து பார்த்தவள் நான்.

குணசீலத்தில் ஒரு மண்டலம், 48 நாள், அம்மா அவனோடு தங்கினாள். திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மனம் சரியில்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற பெருமாள் கோயில். பூஜை முடிந்து முகத்தில் தீர்த்தம் அடிப்பார்கள். இதைப் பற்றி இப்போது என்னிடம் கேலியும் இல்லை, வருத்தமும் இல்லை. அம்மாவுக்கு அங்கே பேச ஆள் கிடைத்தது, அது உண்மை. ஏர்வாடியின் ஒரு காப்பகத்துக்குக் கூட்டிப் போகச் சொன்ன உறவினரிடம் மட்டும் அப்பா கடுமையாக மறுத்துவிட்டார். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்த அப்பா அந்தச் செய்தியை மறக்கவே இல்லை.

கோயில், மாமா, அத்தை என்று எட்டு மாதம் போனது. முதலில் போன ஆஸ்பத்திரியில் மூன்று நிமிடம் பார்த்து மூன்று மாத்திரை எழுதினார்கள். நோயின் பெயரை நான் ஃபைலைத் திறந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஸ்கிசோஃப்ரினியா. தமிழில் மனச்சிதைவு. கேட்டாலே வயிறு கலங்குகிற சொல். சினிமாவில் காட்டுகிறார்களே, ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள், அது இது இல்லை என்று புரியவே எனக்குப் பல மாதம் ஆனது.

அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் செய்த பெரிய தப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் பல வீடுகளில் இன்று காலையும் அது நடந்திருக்கும். தம்பி மாத்திரை வேண்டாம் என்றான். அம்மா பொடித்துக் காபியில் கலந்தாள். இரண்டு மாதம் ஓடியது, அவனும் தெளிந்தான். ஒரு நாள் டம்ளரின் அடியில் வெள்ளையாக நின்றதைப் பார்த்துவிட்டான். ஊரே தன்னை விஷம் வைத்துக் கொல்லப் பார்க்கிறது என்று நம்புகிற பையன் அவன். அவன் சந்தேகத்துக்கு நாங்களே சாட்சி கொடுத்துவிட்டோம். அதற்கப்புறம் ஏழெட்டு மாதம் அவன் வீட்டில் காபி குடிக்கவில்லை. பாக்கெட் பிரிக்காத ரொட்டியும் வாழைப்பழமும்தான். 2016 வைகாசியில் மறுபடி முழுசாக நோய் வந்து அட்மிட் ஆனான். டிஸ்சார்ஜ் நாளில்தான் வேறொரு டாக்டர், "சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரங்களுக்கு வகுப்பு இருக்கு, எட்டு வாரம். மாத்திரை மாதிரி அதையும் விடாதீங்க" என்றார்.

அப்பா வர மறுத்தார். "பைத்தியம் அவனுக்கா எனக்கா?" என்றார். நான் சண்டை போட்டுக் கூட்டிப் போனேன்.

ஆறு குடும்பம், ஒரு வட்டம், பிளாஸ்டிக் நாற்காலி, டீ, மேரி பிஸ்கட். ஆறு குடும்பத்தில் ஆண்கள் இரண்டே பேர். முதல் வகுப்பில் மேடம் எடுத்த விஷயம் குற்ற உணர்ச்சி. 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மன் என்ற மனநல மருத்துவர், தாயின் குணமே பிள்ளைக்கு இந்த நோயைத் தருகிறது என்று எழுதினாராம். அதை நம்பிப் பல வருடம் மருத்துவர்களே தாய்மார்களைக் குற்றவாளிபோலப் பார்த்தார்கள். அது தவறு, இது மூளை சம்பந்தப்பட்ட நோய், பரம்பரைக்கும் பங்கு உண்டு, வளர்ப்பால் வருவதில்லை என்று மேடம் சொன்னபோது எதிரில் இருந்த பாலக்கரை அம்மா புர்காவால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் அம்மா அசையவே இல்லை. பஸ்ஸில் வரும்போது, "நான் அவனை மூணு வயசுல அடிச்சது காரணம் இல்லையாம்" என்றாள். அப்படி ஒன்றை மனதில் வைத்திருந்தாள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

இரண்டாவது வகுப்பில்தான் மணிக்கணக்கு வந்தது. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர் 1950களில் ஒன்றைக் கவனித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து தேறிப் போனவர்களில், வாடகை அறையில் தனியாகத் தங்கியவர்களைவிடப் பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்கள் அதிகமாக மறுபடி நோய்வாய்ப்பட்டார்கள். அன்பான வீட்டுக்குப் போனவனுக்கு ஏன் இப்படி என்று தோண்டியதில், வீட்டில் புழங்கும் பேச்சு அகப்பட்டது. குத்திக் காட்டுவது, வெறுப்பாகப் பேசுவது, அளவுக்கு மீறி உருகி ஒட்டிக்கொள்வது. 1976இல் கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் இருவரும் வெளியிட்ட கணக்கில், இப்படிப்பட்ட வீடுகளுக்குப் போனவர்களில் ஒன்பது மாதத்துக்குள் சுமார் பாதிப் பேருக்கு நோய் திரும்பியது. அமைதியான வீடுகளில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு. சூடான வீட்டிலும், வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் குறைவாக நேருக்கு நேர் இருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். பேச்சு நோயை உண்டாக்குவதில்லை, தேறியவரை மறுபடி தள்ளிவிடக்கூடும் என்பதை மேடம் மூன்று தடவை சொன்னார். மூன்றும் தேவைப்பட்டது.

சண்டிகரில் பின்னர் செய்த ஆய்வில் இங்கிலாந்தைவிட இப்படிக் கடிந்து பேசும் வீடுகள் குறைவாக இருந்தன என்றார். "நம்ம ஊர்ல அதெல்லாம் இல்ல பாருங்க" என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று காலையில்தான் தம்பியைப் பார்த்து "தண்டச்சோறு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார்.

அப்பாவுக்குக் கோபம் எதன் மேல் என்று அந்த அறையில்தான் எனக்கே விளங்கியது. தம்பி குரல் கேட்கிறது என்று அலறியபோது அப்பா ஒரு வார்த்தை திட்டியதில்லை. அது நோய் என்று கண்ணுக்குத் தெரிந்தது. அவன் பதினொரு மணி வரை சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதும், குளிக்காததும், கூப்பிட்டால் பதில் பேசாததும்தான் அவரை எரித்தது. "என் வயசுல ரெண்டு தங்கச்சியைக் கரையேத்தினேன்" என்று ஆரம்பிப்பார். அந்தப் படுக்கையும் மௌனமும்கூட நோயின் பாகம்தான், சோம்பல் இல்லை, மாத்திரைக்கு அவ்வளவாக அசையாத பாகமும் அதுதான் என்று டாக்டர் வந்து விளக்கினார். ஆறு குடும்பமும் ஒரே மாதிரித் தலையாட்டியது.

அதே வகுப்பில் இன்னொன்று. மாத்திரையின் பக்க விளைவுகளைச் சொல்லிக்கொண்டு வந்த டாக்டர், "சிலருக்கு உள்ளே ஒரு தவிப்பு வரும். ஒரு இடத்துல உக்கார முடியாது. கால் ஆடிக்கிட்டே இருக்கும்" என்றார். அப்பா கையைத் தூக்கி, "இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்றார். ஒரு வருடமாக அவர் தம்பியிடம் தினமும் சொல்லி வந்தது, "உக்காந்த இடத்துல காலை ஆட்டாதடா, வீட்டுக்கு ஆகாது" என்பதுதான். அடுத்த வாரம் டாக்டர் மருந்தின் அளவைக் குறைத்து வேறொரு மாத்திரை சேர்த்தார், கால் நின்றது. மாத்திரை வேண்டாம் என்று தம்பி சொன்னதன் பின்னால் இந்தத் தவிப்பு இருந்திருக்கிறது. நாங்கள் ஒரு தடவைகூட ஏன் வேண்டாம் என்று கேட்டதில்லை.

பேசிப் பழகுவதுதான் வகுப்பில் வேடிக்கை. வேண்டியதை ஒரே வாக்கியத்தில், ஒரு நேரத்தில் ஒன்றாகக் கேட்க வேண்டும். நல்லது செய்தால், என்ன செய்தான், அதனால் நமக்கு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். அப்பாவை எழுப்பி நிறுத்தி, என்னைத் தம்பியாக நினைத்துப் பேசச் சொன்னார்கள். "தட்டைக் கழுவி வெச்சியாமே" என்றார். மேடம், "அது விசாரணை சார்" என்றார். இரண்டாவது தடவை, "தட்டைக் கழுவினது நல்லது, இதையே முன்னாடியே செஞ்சிருந்தா..." மூன்றாவது தடவைதான், "நீ தட்டைக் கழுவி வெச்சது எனக்கு நிம்மதியா இருந்துச்சு" என்று முடித்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் தேடினார். இருபத்தெட்டு வருடம் பஸ்ஸில் "உள்ள போ, உள்ள போ" என்று கத்திய தொண்டை அது.

குரலைப் பற்றி அவன் பேசினால் என்ன சொல்வது? இதைத்தான் எல்லோரும் கேட்டார்கள். கேமரா இல்லை என்று நான் ஒரு தடவை கம்பம் வரை கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறேன். "எடுத்துட்டாங்க" என்றான். வாதாடி யாரும் ஜெயித்ததில்லை. ஆமாம் என்று தலையாட்டுவதும் பொய். நடுவில் ஒரு வழி: "உனக்குக் கேக்குதுன்னு புரியுது. எனக்குக் கேக்கலை. பயமா இருக்கா?" இந்தக் கடைசிக் கேள்வியை அதுவரை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. முதல் தடவை கேட்டபோது, "ரொம்ப" என்றான். அவ்வளவுதான், அப்புறம் டிவி பார்த்தோம்.

நான் அங்கே கற்றதில் பாதி மற்றக் குடும்பங்களிடமிருந்து வந்தது. ஒவ்வொரு வாரமும் ஒரு குடும்பத்தின் ஒரு தொல்லையைப் பலகையில் எழுதி, எல்லோரும் யோசனை சொல்வோம். எது நமக்கு ஒத்துவரும் என்பதை அந்தக் குடும்பமே எடுத்துக்கொள்ளும். எங்கள் முறை வந்தபோது 'குளிப்பதில்லை' என்று எழுதினோம். பாலக்கரை அம்மா, "எம் மகளுக்குக் குழாய்ச் சத்தத்துலதான் ஆள் பேசுறது கேக்கும், உங்க பையனைக் கேட்டுப் பாருங்க" என்றார். வீட்டுக்கு வந்து கேட்டேன். ஆமாம் என்றான். இரண்டு வருடமாகக் குளி குளி என்று நச்சரித்திருக்கிறோம், குழாயைத் திறந்தால் அந்தச் சூப்பர்வைசர் பேசுகிறார் என்று தெரியாமல். அன்று முதல் அம்மா சாயங்காலம் வாளி நிறையப் பிடித்து, குழாயை மூடிவிட்டு, "வெந்நீர் இருக்கு" என்று ஒரே ஒரு தடவை சொல்வாள். நாலாவது நாள் குளித்தான்.

குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வது நம் நாட்டுக்குப் புதிது இல்லை என்பதையும் அங்கே கேட்டேன். அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் 1950களில் ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் போட்டு நோயாளியோடு குடும்பத்தையும் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் உறவினர் ஒருவர் கூடத் தங்குவது அந்தக் காலத்திலிருந்தே வழக்கம். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனமும் குடும்பங்களோடு சேர்ந்து வேலை செய்கிறது. இவ்வளவு இருந்தும், பெரும்பாலான ஊர்களில் புறநோயாளி வரிசையில் நிற்கிற தாய்க்கு இன்றும் மருந்துச் சீட்டு மட்டும்தான் கிடைக்கிறது. எனக்கு அதில் கோபம் உண்டு.

சரி, அம்மாவின் 71 மணி நேரம். 24 வயதுப் பையனுக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் அறைக் கதவருகே பாய் போட்டுப் படுத்தாள். அவனுக்கு இருமல் வந்தால் இவள் எழுந்து உட்காருவாள். சாயங்காலம் ஸ்ரீரங்கம் போய்விட்டு வாருங்கள், இரண்டு மணி நேரம், சும்மா, என்றார் மேடம். முதல் வாரம் ரங்கா ரங்கா கோபுரம் வரை போய், உள்ளே போகாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள். வந்து பார்த்தால் தம்பி தோசை சுட்டுத் தின்றிருக்கிறான். அடுப்பெல்லாம் மாவு. அம்மா அழுதாள், சந்தோஷமா கோபமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. புரட்டாசி வாக்கில் கணக்கு 40க்கு வந்தது. இப்போது யாரும் எழுதுவதில்லை.

எட்டாவது வாரம் ஒரு தாள் எழுதினோம். நோய் திரும்புவதற்கு முன் எங்கள் வீட்டில் என்னென்ன நடக்கும் என்று. மூன்று ராத்திரி சேர்ந்தாற்போல் தூக்கம் இல்லை, நின்றுகொண்டே சாப்பிடுகிறான், இவை நாங்கள் சொன்னவை. "ரேடியோவை ஸ்டேஷன் பிடிக்காம வெறும் இரைச்சலா வெச்சுக்குவேன். செருப்பை ரூமுக்குள்ள எடுத்துட்டுப் போவேன்" என்று இரண்டை அவனே சேர்த்தான். இரைச்சல் வைத்தால் குரல் அமுங்குமாம். தாள் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. ஏதாவது இரண்டு சேர்ந்து வந்தால் அடுத்த ரிவியூ தேதிக்குக் காத்திராமல் டாக்டரைப் பார்ப்பது என்று அவனும் ஒத்துக்கொண்ட ஒப்பந்தம். 2017இல் ஒரு தடவை செருப்பு உள்ளே போனது, மறுநாளே போனோம், அட்மிஷன் இல்லாமல் முடிந்தது.

2018இல் எதற்கும் கட்டுப்படாமல் நோய் முற்றியது. இரண்டு விதமான மருந்தை முழு அளவில், போதுமான காலம் கொடுத்தும் அடங்கவில்லை என்பதால் குளோசபின் ஆரம்பித்தார்கள். முதல் 18 வாரம் வாரா வாரம் ரத்தப் பரிசோதனை, வெள்ளை அணு குறைகிறதா என்று பார்க்க. அப்புறம் மாதம் ஒன்று. ராத்திரி தலையணை நனைய எச்சில் வடியும், துண்டு விரித்துப் படுக்க வேண்டும். மலச்சிக்கலை அலட்சியப்படுத்தக் கூடாது, குளோசபினில் அது ஆபத்தாகவே முடியலாம். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: சிகரெட் பீடிப் புகை இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் குறைக்கும். தம்பி திடீரென்று பீடியை நிறுத்தியபோது, அதே மாத்திரையில் பகலெல்லாம் தள்ளாடினான். நல்லதுதானே செய்கிறான் என்று நாங்கள் டாக்டரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். புகையை விடுவதானாலும் மறுபடி தொடங்குவதானாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

மாற்றுத்திறனாளி சர்டிஃபிகேட் விஷயத்தில் அப்பா இரண்டு வருடம் இழுத்தடித்தார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி மனநோயும் மாற்றுத்திறன்தான். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால் அடையாள அட்டை, அதை வைத்து உதவிகள், பழைய முறையில் வருமான வரி கட்டுகிற குடும்பத்தாருக்கு வரியில் கழிவு. 'ஊனம்' என்று எழுதிவிட்டால் அவனுக்குப் பெண் கிடைக்காது என்பது அப்பாவின் கவலை. கல்யாணம் என்றதும் எனக்கு வந்த கவலை வேறு. இந்த நோய் பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வரக்கூடியது, கூடப் பிறந்தவர்களுக்கு நூற்றில் ஒன்பது பேர் அளவுக்கு என்பார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் நானே சொன்னேன். இரண்டு வீடு போனது. மூன்றாவது வீட்டில், "தொண்ணூத்தொண்ணு பேருக்கு வராதுல்ல" என்று கேட்டவர்தான் இன்று என் கணவர். ஏழாவது வகுப்பில்தான் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியை யாரும் கேட்காததால் எனக்குப் பதில் தயாராக இல்லை. கூடப் பிறந்தவர்கள் யாராவது இதைப் படித்தால்: ராத்திரி எந்த நேரமானாலும் 14416க்குப் போன் செய்யலாம், டெலி மானஸ், இலவசம், தமிழில் பேசுவார்கள். நோயாளிக்காக மட்டும் இல்லை, நமக்காகவும்.

தம்பிக்கு இன்றும் குரல் கேட்கிறது. தெரு முனை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் தினம் நாலு மணி நேரம் வேலை. உடம்பு 58 கிலோவிலிருந்து 80 ஆகிவிட்டது, சர்க்கரை பார்க்கிறோம். அப்பா இப்போதும் மாதத்துக்கு ஒரு தடவை வெடிப்பார். ஆனால் வெடித்துவிட்டுத் தெருவுக்குப் போய்விடுவார், முன்பு போல அங்கேயே நிற்பதில்லை.

2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், நாம் தெளிவாக இருக்கும்போதே, நமக்கு முடியாத காலத்தில் நம் சார்பாக யார் பேச வேண்டும் என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கலாம். போன தை மாதம் தம்பியிடம் சொன்னேன். கூடத்தில் உட்கார்ந்து எழுதினான். என் பெயர். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் படித்தார்.

"ஏன்டா, நான் இல்லையா?"

"நீங்க கத்துவீங்கப்பா. அக்கா அழுவா. அது பரவாயில்ல."

அப்பா மறுபடி தாளைப் பார்த்தார். நியமனப் பிரதிநிதி என்பதில் மூன்று சுழி ண போட்டிருந்தான். தமிழ் டீச்சரான என் கண்ணிலும் அது ஏற்கெனவே பட்டிருந்தது. அப்பாவின் விரல் அந்த எழுத்துக்கு மேலே போய் நின்றது. வாயைத் திறந்தார். அப்புறம் தாளை மடித்து என்னிடம் நீட்டிவிட்டு, "டீ யாருக்கு வேணும்?" என்று கேட்டபடி அடுக்களைக்குப் போனார்.